பொடியில் கொடுத்த எர்த்

வண்டி நிற்பது நான்கு ரப்பர் டயர்களின் மேல். மண்ணையே தொடாத வண்டிக்கு எர்த் எங்கிருந்து கிடைக்கும்? சொல்லுங்கள் பார்க்கலாம். தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். அக்காள்மடத்தில் டிரைவர் கூத்தையாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் ஒரு விடை கண்டுபிடித்தார்.

சுலக்சனா மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தவள். பெற்றோர் இலங்கையின் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்திருந்தாள். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் மரியாதையாகப் பேசுவார்கள். முகாம் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறும். பிறந்த மண்ணிலேயே ஒருத்தியை அகதி என்று சொல்லக் கொஞ்சமாவது கூச வேண்டாமா?

சிக்கல் ஊர்க்காரி முருகேஸ்வரி கூசாமல் வேலை கொடுத்தாள். பழைய வேன் ஒன்றில் கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, சுற்றுலாக்காரர்கள் தங்கிக்கொண்டே ஊர் சுற்றும் வீடாக மாற்றியிருந்தாள்.

"சாயங்காலம் ஆளுக வந்துருவாக. ஃபேனும் மிக்சியும் ஓடணும்டி. ஓடிருச்சுன்னா அடுத்த ரெண்டு வேன் வயரிங்கும் ஒனக்குத்தான். ஓடலைன்னா, முகாம் பொண்ண நம்புனியேன்னு ஊரே என்னயக் கிழிச்சுரும்."

கட்டிலுக்கு அடியில் பேட்டரி, பக்கத்தில் இன்வெர்ட்டர், நடுவே விரல் தடிமன் கேபிள், ஃபியூஸ். எல்லாம் முடிந்து, இன்வெர்ட்டர் பெட்டியின் எர்த் வயர் மட்டும் பாக்கி. அப்போது முகாமிலிருந்து போன். அதிகாரி தலை எண்ண வந்திருக்கிறார், உடனே வா. வளர்ந்த மனிதர்களை வரிசையில் நிறுத்தி எண்ணுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது! யாரும் அவசரப்பட்டு சுவிட்சைப் போடக்கூடாதென்று ஃபியூசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

வரிசையில் நின்றபடியே, வேனில் இருந்த டிரைவர் கூத்தையாவைப் போனில் கூப்பிட்டாள். "அண்ணை, அந்தப் பச்சை வயரைப் பொடியில குடுங்கோ. நல்லாச் சுரண்டிப்போட்டு இறுக்கி விடுங்கோ."

"பொடியிலயா தாயி?"

"ஓம், வானிண்ட பொடியிலதான். அதுதான் எர்த்து!"

பேசிக்கொண்டிருக்கும்போதே பெயர் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது கூத்தையா மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். உள்ளே, அடுப்புக்கு மேல் தட்டில், இட்லிப்பொடி டப்பா. மூடியில் ஓட்டை. ஓட்டைக்குள் பச்சை வயர்.

"வேன்ல இருந்த பொடி இது ஒண்ணுதான். அடி வரைக்கும் சுரண்டி, வயர எறக்கி, மூடிய இறுக்கிட்டேன்," என்றார். "வீட்டு எர்த்துக் குழியில கரியும் உப்பும் போடுறாகள்ல? இதுலயும் உப்பு இருக்கு, உளுந்தும் நல்லாக் கருகியிருக்கு. யோசிச்சுத்தான் செஞ்சேன்."

"கருகியிருக்கா? யோவ் அண்ணே, நான் வறுத்த பொடி அது!" என்று முருகேஸ்வரி கரண்டியைத் தூக்கினாள்.

சுலக்சனா கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அண்ணை! பொடி இல்லை, பாடி! வண்டியிண்ட இரும்பு உடம்பு! எங்கட வீட்டில பாடியைப் பொடி எண்டுதான் சொல்லுவம்."

"ஒங்க வீட்டுல இட்லிப்பொடிய என்னன்னு சொல்லுவீக?" என்றார் கூத்தையா, உண்மையான கவலையோடு. மூவரும் சிரித்த சிரிப்பில் வேனே குலுங்கியது.

பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு மின்னியதும் வயரை வைத்து போல்ட்டை முறுக்கினாள். ஃபியூசை மாட்டினாள்.

"இருடி, ராகு காலம் முடியட்டும்."

"கரண்டுக்கு ராகு காலம் தெரியாதக்கா," என்று சுவிட்சைத் தட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. ஃபேன் சுழன்றது. மிக்சி உறுமியது; மூடியைப் போட யாருக்கும் தோன்றவில்லை. தக்காளிச் சட்னி கூரைக்கும் போனது, கூத்தையாவின் மீசைக்கும் போனது. "ஓடுது! ஓடுது!" என்று முருகேஸ்வரி சட்னிக் கையோடு சுலக்சனாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"அடுத்த ரெண்டும் ஒனக்குத்தான்டி. மொத சவாரி கொடைக்கானலு, நீயும் வா. வழியில மக்கர் பண்ணுச்சுன்னா யாரு பாக்குறது?"

சுலக்சனாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வாறன் அக்கா!" என்று கத்திவிட்டாள். பிறகுதான் நினைவு வந்தது. "முகாமை விட்டு வெளிய தங்க அதிகாரியிட்ட அனுமதி கேக்கோணும். எப்பக் கிடைக்குமோ தெரியாது."

வேன் அவளில்லாமல்தான் கிளம்பியது.

தேர்தல் வரும். கும்பிட்ட கையோடு உங்கள் வாசலுக்கும் ஒருவர் வருவார். இங்கேயே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை எப்போது என்று அவரைக் கேளுங்கள். பதில் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போக விடாதீர்கள்.