முட்டை விலை ஏற ஒரு விரதம்

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, மண்பாதையில் கொஞ்சம் உள்ளே போனால் தண்டாயுதபாணியின் கோழிப்பண்ணை வரும். பண்ணைக்கு முன்னால் வீடு. காற்று திரும்பி அடிக்கிற நாளில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தவறாமல் வந்துவிடலாம் என்று வீட்டுக்கு விருந்தாக வரும் ஒறம்பரைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே கேலி செய்வார்கள்.

அந்த வீட்டில் பிறந்த ஒரே பெண் சண்முகப்பிரியா. லாரியில் ஏற்ற முடியாத கீறல் முட்டைகள் எல்லாம் அவள் தட்டுக்குத்தான் வந்தன. காலையில் அவித்தது, மதியம் பொரியல், ராத்திரி தோசை மேல் உடைத்து ஊற்றியது. "என்ற மவ முட்டையிலயே வளந்தவ" என்று தண்டாயுதபாணி தீவனக் கடையில் உட்கார்ந்து பெருமையடிப்பார்.

பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில்தான் அது நடந்தது. பண்ணையில் அன்று குஞ்சுகளுக்கு அலகு வெட்டும் வேலை. ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருப்பதற்காகச் சூடான மெஷினில் அலகின் நுனியைத் தீய்த்துவிடுவார்கள். வேலையாள் ஒருவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

"சாமி, செத்த நேரம் குஞ்சு புடிச்சுக் குடு" என்று அப்பா மகளைக் கூப்பிட்டார்.

பிரியா போனாள். கூடையிலிருந்து குஞ்சை எடுப்பது, மெஷின்காரரிடம் நீட்டுவது. அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒவ்வொரு குஞ்சும் கைக்குள் வந்ததும் அதன் நெஞ்சு, சத்தத்தை அணைத்து வைத்த செல்போன் மாதிரி அதிர்ந்தது. அவள் அழவில்லை. கூடை தீரும்வரை எடுத்துக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் அம்மா சித்ரா முட்டைக் குழம்பு ஊற்ற வந்தபோது தட்டைக் கையால் மூடினாள்.

"எனக்கு முட்டை வேண்டாங்ம்மா."

சித்ரா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. கறியும் வேண்டாமென்றாள். சரி, ஒரு வாரத்தில் தெளிந்துவிடும் என்று சித்ரா விட்டாள். ஆனால் பிரியா செல்போனில் எதையெதையோ படித்துவிட்டு, கட்டுத்தறியில் கன்றுக்குட்டி தாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பாலையும் விட்டாள். பால் போனதும் தயிர், மோர், நெய் எல்லாம் வரிசையாகப் போயின.

"இதுக்குப் பேரு வீகனுங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"வீகனா? அதெந்தத் தீவனக் கம்பெனி?"

விளக்கியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பல்டாக்டர் ஊட்டுப் புள்ள பல்லு வெளக்க மாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்குது. கோழிப்பண்ணைக்காரன் மவளே முட்டை திங்கறதில்லன்னா ஊர்க்காரன் என்ன நெனைப்பான்? முட்டையில என்னமோ வெசம் இருக்குதுன்னு நெனைக்க மாட்டானா?"

"நா யாருகிட்டயும் சொல்லலீங்ப்பா."

"நீ சொல்ல வேண்டாம். உன்ற தட்டே சொல்லும்!"

அதற்குப் பிறகு வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு போர் நடந்தது. அப்பா சத்தம் போடுவதோடு சரி. அம்மாவின் வழி வேறு. தோசை மாவில் ஒரு கரண்டி தயிரைக் கலந்து வைப்பாள். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அடியில் நெய்யை ஒளித்து வைப்பாள். ஒருநாள் "தேங்காப்பால் சாமி, குடி" என்று டம்ளரை நீட்டினாள். பிரியா மோந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தாள்.

"இது மாட்டுப் பாலுங்ம்மா."

"தேங்காப் புண்ணாக்குத் திங்கற மாடுதான? ரெண்டும் ஒண்ணுதான், குடி."

பிரியா தானே சமைக்கக் கற்றுக்கொண்டாள். கொள்ளுப்பருப்பும் கம்மஞ்சோறும் நன்றாகவே வந்தன. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து பால் எடுக்கிற வித்தைதான் கைக்கு வரவில்லை. ஒருநாள் அதைச் சொம்பில் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். தண்டாயுதபாணி வந்து, பசும்பால் என்று நினைத்து டீ போட்டார். அது திரிந்து, எண்ணெய் மிதந்து, பச்சைக் கடலை வாசம் அடித்தது. மாட்டுக்கு மடியில் ஏதோ சீக்கு என்று பயந்து மாட்டு டாக்டரை வரவழைத்துவிட்டார். டாக்டர் மடியை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், கடைசியில் சொம்பை மோந்து பார்த்தார்.

"மாடு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இந்தப் பால் மாட்டுல இருந்து வரலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் தீபாவளிக்குச் சங்ககிரியிலிருந்து நல்லம்மாள் வந்தாள். தண்டாயுதபாணியின் அக்கா. அவள் வீட்டுக்காரருக்கு லாரித் தொழில். வீட்டு ஆட்களோடு பேசும்போதும் சங்ககிரி லாரிப் பட்டறைக்குக் கேட்கிற குரலில்தான் பேசுவாள். இலை போட்டதும், பிரியாவின் இலையில் கறியும் இல்லை, முட்டையும் இல்லை, தயிரும் இல்லை என்பதை ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள்.

"ஏ சித்ரா, புள்ளைக்கு ஏன் ஒண்ணும் வெக்கல?"

பிரியா வாயைத் திறப்பதற்குள் சித்ரா முந்திக்கொண்டாள். "விரதமுங்க அண்ணி."

"தீவாளியன்னைக்கா? எதுக்கு விரதம்?"

சித்ரா அதுவரை யோசித்திருக்கவில்லை. புரட்டாசியில் விழுந்த முட்டை விலை இன்னும் எழுந்திருக்கவில்லை என்று வீட்டுக்காரர் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தது ஞாபகத்துக்கு வந்தது. "முட்டை வெல ஏறோணும்னு பழனி முருகனுக்கு வேண்டிக்கிட்டிருக்கறாளுங்க" என்றாள்.

தண்டாயுதபாணிக்குப் புரையேறிவிட்டது.

"அது சரி. பால் தயிர் கூடவா ஆகாது? முருகனுக்கே பாலுலதான அபிசேகம் பண்றோம்?"

"அவுரு குளிக்கோணும்னுதான் இவ குடிக்கறதில்லீங்க."

நல்லம்மாள் இலைக்கு முன்னாலேயே கண்ணை மூடிக் கும்பிட்டாள். அந்தக் குரலும் ஒரு செல்போனும் சேர்ந்தால் சும்மா இருக்குமா? மறுநாளைக்குள் சங்ககிரியிலிருந்து பரமத்தி வேலூர் வரைக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது.

பிரியா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா பொய் சொன்னீங்க?"

"கோழி பாவம்னு சொல்லியிருந்தா, உன்னைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவச் சொல்லியிருப்பாங்க. முருகன்னு சொன்னதும் கும்படறாங்க. ரெண்டுல எது மேலு?"

அடுத்த ஆள் கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பிரியா முடிவு செய்தாள். ஆனால் அந்தப் பொய்யில் ஒரு சௌகரியம் இருந்தது. தோசை மாவில் தயிர் விழுவது நின்றுவிட்டது. விரதம் என்று தானே வாயால் சொல்லிவிட்டதால், அதைக் கெடுத்தால் பாவம் என்று சித்ராவுக்கே பயம் வந்துவிட்டது. இத்தனை மாதம் சண்டை போட்டுக் கிடைக்காத நிம்மதி, வாயைத் திறக்காமல் இருந்ததில் கிடைத்தது. பிரியா வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் மட்டும் முள் குத்திக்கொண்டே இருந்தது.

மார்கழி பிறந்தது. முட்டை விலை ஏறியது. "குளிருக்கு வடக்க நெறையாத் திம்பாங்க. வருசா வருசம் ஏர்றதுதான்" என்றார் தண்டாயுதபாணி. ஆனால் அந்த வருடம் வழக்கத்தைவிட நன்றாகவே ஏறி, அப்படியே நின்றது. பக்கத்துப் பண்ணைக்காரர் குருமூர்த்தி ஒரு தார் பூவன் பழத்தோடு வந்துவிட்டார். அதுவரை பிரியாவை "ஏ புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

"சாமி, பழம் திங்கலாமுங்களா? விரதத்துக்கு ஆகுமுங்களா?"

"ஆகுமுங்க மாமா."

"அப்பிடியே தீவனத்துக்குப் போடற மக்காச்சோளம் வெல கொஞ்சம் எறங்கோணும்னு முருகன்கிட்ட ஒரு வார்த்தை..."

பிரியா பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

தைப்பூசம் நெருங்கியதும் நல்லம்மாள் போன் போட்டாள். எந்த விரதத்துக்கும் முடிவு என்று ஒன்று வேண்டும். பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பண்ணை வீட்டிலேயே பந்தல் போட்டு, பிள்ளைக்கு விரதம் முடித்து வைத்து, ஊருக்குக் கறிவிருந்து போட வேண்டும் என்றாள். செலவு அவளுடையதாம். தண்டாயுதபாணியால் மறுக்க முடியவில்லை. எந்த வாயால் மறுப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்துவிட்டது. சுற்று வட்டாரப் பண்ணைக்காரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அத்தை எடுத்து வந்த பட்டுப் பாவாடையை, பட்டுப்பூச்சியை நினைத்து, பிரியா கட்ட மறுத்துவிட்டாள். "பட்டுக்கூட வேண்டாங்கறா பாருங்க, என்ன பக்தி!" என்று நல்லம்மாள் அதையும் பந்தல் முழுக்கச் சொன்னாள். பிறகு வெள்ளித் தட்டில் ஓர் அவித்த முட்டையை வைத்து எடுத்து வந்தாள். அதே பண்ணையில் அன்று காலை இட்ட முட்டை.

"வாயைத் தொற சாமி."

"அத்தை, ஒரு நிமிசமுங்க" என்றாள் பிரியா.

அவள் மேற்கொண்டு பேசுவதற்குள் குருமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அக்கா, அவசரப்படாதீங்க! இப்பத்தான் வெல ஏறி நிக்குது. இப்பப் போயி விரதத்தை முடிச்சீங்கன்னா எப்பிடி? சித்திரை வரைக்குமாச்சும் புள்ளை இப்பிடியே இருக்கட்டும்."

"சித்திரை பத்தாதுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வெயிலுக்குத்தான் வெல உழுகும். ஆடி வரைக்கும் இருந்தாத் தேவல."

"புரட்டாசி தாண்டீரட்டும்!" என்றார் இன்னொருவர்.

நல்லம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க முட்டைக்கு என்ற தம்பி மவ வருசம் முச்சூடும் பட்டினி கெடக்கோணுமா?"

"பட்டினி எங்கீங்க? சோறுதான் திங்குதே!"

ஏலம் கேட்பது போல ஆளாளுக்கு மாதத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். நடுவில் நின்ற பிரியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் கத்திவிட்டாள்.

"விரதமே இல்லீங்க!"

சமையல்காரர் கோழி வறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"முருகனுக்கு நா ஒண்ணும் வேண்டிக்கலீங்க. முட்டை வெல குளிருக்கு ஏறுச்சுங்க. அலகு வெட்டறப்பக் குஞ்சைக் கையில புடிச்சனுங்க. அதோட நெஞ்சு அடிச்சுக்கிட்டது இன்னும் என்ற கையில இருக்குது. அதுக்கப்பறம் என்னால திங்க முடியலீங்க. இன்னிக்கு மட்டுமில்ல, எப்பவுமே திங்க மாட்டனுங்க. பொய் சொன்னதுக்கு எல்லாரும் மன்னிச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பந்தலிலேயே இல்லை; எப்போதோ அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முதலில் குருமூர்த்திதான் பேசினார். "அது எதுக்கோ இருந்துட்டுப் போவுது சாமி. முட்டையை மட்டும் தின்னுறாத."

யாரோ சிரித்தார்கள். நல்லம்மாள் சிரிக்கவில்லை. தட்டைப் பிடித்தபடி, "அப்ப நா ஊரெல்லாம் சொன்னது?" என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. பிரியாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

தண்டாயுதபாணி எழுந்து வந்தார். அக்காவின் தட்டிலிருந்த முட்டையை எடுத்தார். இரண்டாகப் பிட்டு, எல்லோரும் பார்க்க, தானே தின்று முடித்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "விரதம் முடிஞ்சுதுங்க. பசிச்சவிங்க உக்காருங்க, எலை போட்டாச்சு" என்றார். கூட்டம் பந்திக்கு நகர்ந்தது.

எல்லோரும் போன பிறகு அப்பாவும் மகளும் வாடகை நாற்காலிகளை அடுக்கினார்கள்.

"குஞ்சு நெஞ்சு அடிச்சுதுன்னு சொன்னியே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? மொத மொதல்ல புடிச்சப்ப எனக்கும் கையி வெடவெடன்னு ஆயிருச்சு."

"அப்பறமுங்க?"

"அப்பறம் பழகிருச்சு." நாற்காலியை ஓங்கி வைத்தார். "பண்ணையை என்னால உட முடியாது, பாத்துக்க."

"உடச் சொல்லலீங்ப்பா."

"செரி. முட்டை தின்னுன்னு நானும் இனிச் சொல்லல." அடுத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டே, "மோர் மட்டும் ஒரு டம்ளரு, வெயிலுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா!"

"செரி, செரி. நாற்காலியை எடு."

நல்லம்மாள் சில மாதங்கள் பேசவில்லை. பிறகு, லாரி டிரைவர் ஒருவரிடம் ஒரு டின் செக்கு நல்லெண்ணெய் கொடுத்தனுப்பினாள். நெய் ஊற்றாத பிள்ளைக்கு இதையாவது ஊற்றச் சொன்னாளாம். பிரியா இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் விடுதி. நீ சைவமா அசைவமா என்று விடுதிச் சமையல்காரம்மா கேட்டதற்கு இவள் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்தம்மா சாம்பாரையே ஆறவிட்டுவிட்டாராம்.

சித்ரா மட்டும் தைப்பூசத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கவில்லை. முருகன் பேரில் பொய் சொல்லிவிட்டோமே என்று பயம். யாருக்கும் தெரியாமல் ஒரு நிஜ விரதத்தை எடுத்துக்கொண்டாள்: செவ்வாய்க்கிழமைகளில் பால் தொடுவதில்லை. லீவுக்கு வந்த பிரியா ஒரு செவ்வாயன்று அம்மா அடுப்படியில் நின்று வரக்காப்பி குடிப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்ம்மா, நல்லாருக்குதுங்களா?"

"கருமம், கசாயம் மாதிரி இருக்குது" என்று முகத்தைச் சுளித்த சித்ரா, டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, "அடுப்புல இன்னும் ரெண்டு வாய் இருக்குது, உனக்கும் வேணுமா?" என்று கேட்டாள்.