புளியமரத்தில் இருந்த என் முடி

எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊர் சொன்னபோது எனக்கு வயது இருபத்து நான்கு. அதற்குள் இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்தேன். ஒன்று ஒன்பதாம் நாள் போனது. மற்றது பிறந்து அழவே இல்லை. எழுபதுகளில் நடந்தது இது. எங்கள் பென்னலூர்ப் பக்கம் அப்போது கம்பெனி ஒன்றும் வரவில்லை, ஏரியும் வயலும்தான். என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் நானும் மாமியாரும்தான்.

இரண்டாவது பிள்ளை போன பிறகு எனக்கு உச்சி வேளையில் மயக்கம் வர ஆரம்பித்தது. பல் கிட்டிப்போகும். கண் விழித்தால் யார் யாரோ சுற்றி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏரியில் விழுந்து செத்த ஒருத்தி என்மேல் வந்திருக்கிறாள் என்றார்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மா தினமும் என்னிடம் குழம்பு வாங்கிப் போகிறவள். அவளே என்னைக் கண்டதும் தன் குழந்தையை அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அழுததுபோல் என் பிள்ளைகளுக்காகக்கூட நான் அழவில்லை.

மாமியார் ஞானஸ்நானம் வாங்கினவர். ஆனால் பயம் வந்தால் மனுஷருக்கு எல்லாம் மறந்துபோகிறது.

"செபம் பண்ணிக்கினுதானே ரெண்டு புள்ளையும் போச்சு? ஒரு வாட்டி வா எஸ்தரு. யாருக்கும் தெரிய வாணாம்" என்றார்.

பழியை அவர் தலையில் போட்டு நான் தப்பிக்க மாட்டேன். என் காலால்தான் நடந்து போனேன். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் பூசாரி என் உச்சியிலிருந்து ஒரு கொத்து முடியை அறுத்து, முடிச்சுப் போட்டு, மரத்தில் வைத்து ஆணி அடித்தார். பிடித்திருப்பது முடியோடு மரத்துக்குப் போய்விடுமாம். ஆணியை யார் பிடுங்குகிறார்களோ அவர்கள்மேல் ஏறிக்கொள்ளுமாம்.

பதினைந்து நாள் மயக்கம் வரவில்லை. பதினாறாம் நாள் வந்தது. முன்பாவது என்னால் ஜெபம் பண்ண முடிந்தது. இப்போது முழங்கால் போட்டால் மரம்தான் கண்ணுக்குள் நிற்கும். அறுத்த இடம் விண்விண்ணென்று வலிக்கும். வாய் இயேசுவே என்று சொல்லும், மனசு முடி அங்கே இருக்கிறதே என்று சொல்லும்.

விஷயம் எப்படியோ சபைக்குத் தெரிந்துவிட்டது. சபையை நடத்தின உபதேசியார், அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போஜனத்திலிருந்து என்னை நிறுத்தினார். அது நியாயம். ஆனால் ஆராதனையில் பாயில் என் பக்கத்தில் இருந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்களே, அது எந்த நியாயம்? மாமியாரும் பயந்துபோய்க் குன்றத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தச் சமயத்தில்தான் எனக்கு மூன்றாவது உண்டானது.

வாரத்தில் ஆறு நாள் பேச ஆள் கிடையாது. எல்லாரும் போன பிறகுதான் நான் கிணற்றடிக்குப் போவேன். சில நாள் சாயங்காலம்தான் நினைவு வரும், காலையிலிருந்து வாய் திறக்கவே இல்லையென்று. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. மரத்துக்குப் பாதி, ஆண்டவருக்குப் பாதி என்று இருந்துகொண்டு அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆணியைப் பிடுங்கி என் முடியை எடுத்துவிடத் தீர்மானித்தேன். தனியாகப் போகத்தான் தைரியம் இல்லை. துணைக்கு ஒரு ஆளை அனுப்பும் ஆண்டவரே என்று தினமும் கேட்டேன்.

வீட்டுக்காரர், "இருக்கறது இருக்கட்டும். வயித்துல புள்ளய வச்சிக்கினு இன்னாத்துக்கு இந்த வெளையாட்டு?" என்றார். உபதேசியாரைக் கேட்டேன். "எனக்கும் புள்ளகுட்டி இருக்குதும்மா. நீ போ, நான் இங்கருந்தே செபம் பண்றேன்" என்றார். அவர்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அதையும் ஆண்டவர் ஒருநாள் எடுத்துப்போடுவார்.

ஒரு மாதம் கேட்டும் யாரும் வரவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்த குறடை முந்தானையில் சுற்றிக்கொண்டு உச்சி வேளையில் கிளம்பினேன். அந்த நேரத்தில் மரத்தடிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். வழியெல்லாம் இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். விசுவாச வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். நிறுத்தினால் திரும்பி ஓடிவிடுவேன், அவ்வளவுதான்.

மரத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு ஆணி அல்ல. நாற்பது ஐம்பது இருக்கும். துருப்பிடித்தது, பட்டை மூடிக்கொண்டது, நேற்று அடித்ததுபோல் புதுசு. பலவற்றில் முடி இருந்தது. நரைத்த முடிகூட இருந்தது. எது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஆணி அடித்த அன்று நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டல்லவா நின்றேன்?

குறடைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை பேர் இங்கே வந்திருக்கிறார்கள். எல்லாரும் நான் கிணற்றடியிலும் சந்தையிலும் பார்த்த பெண்கள்தானே? ஒருத்தியும் இன்னொருத்தியிடம் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருத்தியையும் தனியாகப் பிரித்து வாயடைத்து வைப்பதுதான் பிசாசின் வேலை என்று அப்போது எனக்குப் புரிந்தது. எனக்கு நடந்ததும் அதுதான்.

"எது என்னுதுன்னு உமக்குத்தான் தெரியும் ஆண்டவரே. எனக்குத் தெரியல. எல்லாரையும் விடுதலை பண்ணும்" என்றேன். எழுந்து, கீழிருந்து ஒவ்வோர் ஆணியாகக் கை வைத்து, இயேசுவின் நாமத்தில் இவளை விட்டுப் போ என்று சொன்னேன். எட்டாத ஆணிகளுக்குக் கையை நீட்டிச் சொன்னேன். பாதிக்கு மேல் முடித்த பிறகுதான் கவனித்தேன், எனக்குப் பயம் இல்லை. உச்சியில் வலியும் இல்லை. துணைக்கு ஆளே வரவில்லை என்று ஒரு மாதம் புலம்பினேனே, அந்த மரத்தடியில் நான் தனியாக இல்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்குத் தெரியாது.

ஓர் ஆணியையும் நான் பிடுங்கவில்லை, அதற்கு அவசியமும் இல்லாமல் போனது. அதன்பின் மயக்கமும் வரவில்லை. மார்கழியில் மகள் பிறந்தாள். ஒன்பதாம் நாள் முழுக்க அவளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பத்தாம் நாள் விடிந்தது. பாலுக்குக் கத்தினாள். ஸ்தோத்திரம் சொல்லப்போய், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கன்னியம்மா என் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீ மரத்தாண்ட போனத நான் பாத்தேன்க்கா. ஒனக்கு ஒண்ணும் ஆவலியா?"

"ஆவல. புள்ளய வந்து பாரு."

அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "என்னுதும் அங்கதான் கீதுக்கா. கல்யாணத்துக்கு மின்ன அடிச்சது. எங்கூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது" என்று சொல்லி அழுதாள். மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து மரத்தடிக்குப் போனோம்.

இதை வாசிக்கிற சகோதரியே, ஒருவரிடமும் சொல்லாத ஏதோ ஒன்று உனக்கும் இருக்கலாம். சபையில் மற்றவர்கள் உன்னைவிட்டு நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம். நீ பயப்படுகிற எதுவும் என் இயேசுவைவிடப் பெரியது அல்ல. அவரிடம் சொல். நடந்து போகக் கால் வரவில்லையென்றால் பென்னலூருக்கு வா. நான் உன்னோடு வருகிறேன்.