பெரியவர் உயிரோடு இருக்கிறாரா?

வேலைக்கு உதவுமே என்று ஒரு கல்லூரியின் ஆன்லைன் ரியல் எஸ்டேட் அடிப்படை வகுப்பில் சேர்ந்தேன். சமைத்துக்கொண்டே வீடியோவை ஓடவிடுவேன். பாதி காதில் விழாது. அது என் மடத்தனம்.

சைதாப்பேட்டையில் நாங்கள் வாங்கவிருந்த வீட்டுக்குத் திங்கட்கிழமை பத்திரப்பதிவு. ஞாயிறு காலை வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி: தன் சொத்தை விற்க இன்னொருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் செல்லுமா? 'செல்லும்' என்று அழுத்தினேன். தவறு என்று வந்தது. கொடுத்தவர் போனால் பவரும் போய்விடுமாம். எங்களுக்கு விற்பவனும் தன் பெரியப்பா கொடுத்த பவரை வைத்துத்தான் விற்கிறான். அந்தப் பெரியவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

புரோக்கருக்குப் போன் போட்டேன். "பெரியவர் உயிரோட இருக்காரா?"

"இன்னா மேடம், நல்ல காரியத்துக்கு முன்னாடி சாவு பேச்சு பேசிக்கினு!"

பவர் பத்திரத்தில் இருந்த பெரியவரின் ராஜா அண்ணாமலைபுரம் முகவரிக்கு ஓடினேன். வாட்ச்மேன் சொன்னார்: "அய்யாவா? அவரு தவறி ஆறு மாசம் ஆவுதும்மா."

பதிவை நிறுத்திவிட்டோம். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பது அபசகுனம், யாரும் கேட்கமாட்டார்கள், அதை நம்பித்தான் அவன் விற்க வந்திருக்கிறான்.

இப்போது வகுப்பை உட்கார்ந்து கேட்கிறேன். பவரில் விற்கும் வீடு என்றால், வீட்டைப் பார்க்கும் முன் பவர் கொடுத்தவரை நேரில் காட்டு என்று புரோக்கர்களிடம் சொல்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.