தேக்காவில் மூன்று பேருக்குப் பிடித்த இடம்

எழுபத்தொரு வயதில் வணிகச் சட்ட அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். இருபத்துமூன்று பேரில் என்னைத் தவிர எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அன்று ஆசிரியை சட்டத்தின் மூலங்களை விளக்கினார்: அரசியலமைப்பு, நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், கடைசியாக வழக்கம். வழக்கத்துக்கு உதாரணம் கேட்டார். உணவங்காடியில் காலி இருக்கைமேல் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பதைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அது வெறும் மரியாதை, அங்கிள். யாராவது உட்கார்ந்தா கோர்ட்டுக்கா போவீங்க?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். "வாங்க, லஞ்சுக்கு தேக்கா உணவங்காடியில பேசிக்கலாம் லா." அவளுடைய தோழிகள் இருவரும் வருவதாகச் சொன்னார்கள்.

பன்னிரண்டரைக்கே முந்திப் போய், மூன்று இருக்கைகளுக்கு மூன்று பாக்கெட்டுகளை வைத்துவிட்டு நான்காவதில் உட்கார்ந்தேன். சனிக்கிழமைக் கூட்டம். தட்டோடு வந்த ஐந்து பேர் பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு வேறு மேசை தேடிப் போனார்கள். ஆறாவதாக வந்த முதியவர் மட்டும் கேட்டார்.

"ஆள் வராங்களா?"

"மூணு பேர் வராங்க."

அவர் தூண் ஓரமாகப் போய் நின்றபடியே சாப்பிடத் தொடங்கினார். இருபத்தாறு நிமிடம் கழித்து என் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. மூவரும் வகுப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே சாப்பிட்டுவிட்டார்களாம், மன்னிக்க வேண்டுமாம்.

பாக்கெட்டுகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அந்த முதியவரை அழைத்தேன். "உட்காருங்க, இடம் இருக்கு."

"பரவால்லைங்க, முடிஞ்சிருச்சு," என்று அவர் தட்டைத் திருப்பி வைக்கப் போனார்.