அஞ்சுக்கு அஞ்சு

கிள்ளானில் பக்கத்து வீட்டில் நான் பேசிக்கொண்டிருந்தபோது, வீடு வீடாகக் கருத்துக் கேட்கும் கேள்வித்தாளோடு ஒரு பெண் வந்தார். தடித்த கண்ணாடி. எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை வாசிப்பார்.

"பிள்ளைக்கு மனசு சரியில்லன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்களா, அண்ணே? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க, அஞ்சுன்னா கண்டிப்பா போவேன்னு அர்த்தம்."

"அஞ்சே போடும்மா," என்றார் வீட்டுக்காரர், பரீட்சையில் முழு மார்க் வாங்குகிறவர் போல. அவர் மகளோ இரண்டு மாதமாகப் பள்ளிக்கும் போகாமல் அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

அழுகை அந்தப் பெண்ணுக்கும் கேட்டது. "அப்ப நாளைக்கே கூட்டிட்டுப் போலாமே?"

"பைத்தியம்னு பேராயிடும்லா! நான் ஃபாரத்துக்குச் சொன்னேன்."

அந்தப் பெண் தான் போட்டிருந்த அஞ்சை அடித்துவிட்டுப் பேனாவை வீட்டுக்காரரிடம் நீட்டினார். "உங்க கையாலயே போடுங்க, அண்ணே." பிறகு அதே கேள்வியை மூன்றாம் தடவை, அறைக்குள் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

அழுகை நின்றது. இரண்டு மாதமாக அக்கம்பக்கத்தில் நான் உட்பட ஒருவரும் கேட்காத கேள்வி அது.