கரீம் சார் உட்கார்ந்த வலது சீட்

அன்றைக்குக் காலையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது கரீம் சாரின் மனைவி ஜமீலா அக்காவிடமிருந்து போன் வந்தது. "சரோ, அவுரு எந்திரிக்கல" என்றார். நானும் வழக்கமான என் வாயோடு, "எழுப்பி விடுங்கக்கா, இவ்ளோ நேரம் தூங்க அவர் இன்னா கலெக்டரா?" என்று கேட்டுவிட்டேன். அக்காவின் விசும்பல் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கீரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

செஞ்சித் தாலுகாவில் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் சர்வேயர் கரீம் சாரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் வரப்பில் நிற்கும் கல் அவர் நட்டதாகத்தான் இருக்கும். அதே ஆபீசில் அவருக்கு எதிர் மேசையில் உதவியாளராக நான் காலம் தள்ளினேன். கல் நடும்போது இரு தரப்பும் மண்வெட்டியோடு நிற்பார்கள். அவர் மட்டும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் கழி பிடித்து நிற்பவரிடம் "வா... வா... இரு" என்று கையை அசைத்துக்கொண்டிருப்பார். யாராவது அவசரப்படுத்தினால், "கண்ணுக்குத் தெரியாததுக்கு வான்னு சொல்ல மாட்டேன்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே பணி ஓய்வு பெற்றார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருக்கப்போவது கல்லுக்காக அல்ல, காருக்காக. அந்தக் கார் எதற்காக வந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கிழவருக்கு வயசான காலத்தில் வந்த ஆசை என்று டீக்கடையில் பேசியவர்களும் இதைப் படிக்கக்கூடும்.

ஜமீலா அக்காவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ் ஏறினால் செஞ்சி எல்லை தாண்டும் முன் வாந்தி. காரில் ஏறிக் கதவைச் சாத்தினாலே முகம் வெளுத்துவிடும். ஆட்டோவில் திண்டிவனம் வரைக்கும் போய்ப் பார்ப்போமென்று ஒருமுறை கிளம்பினார்கள். முன்னால் டிரைவர் முதுகு ரோட்டை மறைக்கிறது என்று பாதி வழியில் இறங்கிக்கொண்டார். சாரின் ஸ்கூட்டரில் மட்டும் ஒன்றும் செய்யாது. அந்த ஸ்கூட்டரையும் சாருக்கு இடுப்பு வலி வந்தபின் டாக்டர் தெருவோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். இதற்குள் ஒரே மகள் நசீமாவைப் பாண்டிச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள்தான் வந்து வந்து போவாள். பெற்ற மகளின் வீட்டில் அடுப்பு எந்தச் சுவரோரம் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாது. அதை ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சார் நசீமா வீட்டு மொட்டைமாடியில் நின்றபோதுதான் பக்கத்து வீட்டுப் பின்கட்டில் அந்தக் காரைப் பார்த்திருக்கிறார். இத்தாலியில் செய்தது. இரண்டே சீட்டு. துணிக்கூரை, வேண்டாமென்றால் பின்னால் மடித்துப் போட்டுவிடலாம். அந்த வீட்டுப் பெரியவர் காலத்தில் கப்பலில் வந்ததாம். அப்போது அதில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இடத்தைக் காலி பண்ணினால் போதுமென்று ஒரு கறவை மாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். சார் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார்.

"மேடம், கூரை இல்லாத கார் ஒண்ணு வாங்கிட்டேன்."

"கோட்டை மலை மூணும் சேர்ந்து வறுத்தெடுக்குற ஊர்ல கூரை இல்லாத கார் எதுக்கு சார்?"

"ஜமீலாவுக்கு" என்றார். கூரையில்லாமல் காற்று வந்தால் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

டிராக்டர் டிரெய்லரில் வைக்கோலுக்கு நடுவே கார் வந்து இறங்கியது. கோட்டையில் ஏதோ சினிமா ஷூட்டிங் என்று தெருவே கூடிவிட்டது. அதன் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். "மாத்தி மாட்டிட்டாங்களா சார்?" என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். மெக்கானிக் சேகர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல இஞ்சினைத் தவிர மிச்சதெல்லாம் கோழி எரு சார்" என்றார். நல்லவேளையாக, நம் ஊர்களில் முன்பு டாக்ஸியாக ஓடிய பழைய கார்களும் அந்த இத்தாலி வம்சம்தான். காயலான் கடைகளில் தேடித் தேடிச் சில பாகங்களைப் பொருத்தினார்கள். பொருந்தாததை லேத்தில் கடைந்தார்கள். காகிதங்களைச் சரிசெய்யவே சார் ஒரு வருடம் அலைந்தார். அரசு ஆபீசில் வேலை பார்த்தவருக்கே அந்த அலைச்சல் என்பதில் எனக்கு உள்ளூரச் சின்ன சந்தோஷம்.

கூரைத் துணி தனிக்கதை. கோட்டைக் குரங்குகள் பழைய துணியை ஒரே மத்தியானத்தில் நார்நாராகக் கிழித்துவிட்டு, உள்ளே சீட்டில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. புதுக்கூரை தைக்க இந்தப் பக்கத்தில் ஆள் ஏது? கல்யாணத்துக்கு ஷாமியானா போடுபவரிடம் கொடுத்தார். அவருக்குத் தெரிந்ததை அவர் தைத்தார். சிவப்பு மஞ்சள் பட்டையும் ஓரமெல்லாம் குஞ்சலமுமாக வந்து சேர்ந்தது. "ஊட்டு வாசல்ல வெக்காதீங்க, பந்தல்னு நெனச்சி யாராவது மொய் எழுத வந்துடுவாங்க" என்றார் அக்கா. சார் குஞ்சலத்தை மட்டும் வெட்டச் சொன்னார். பட்டை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கார் தரையோடு தரையாகப் போகிற வகை. நம் ரோட்டு வேகத்தடை ஒன்றில் ஏறினால் அடிவயிறு கிழிந்துவிடும். சேகர் இதைச் சொன்னதும் வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். சார் பரண்மேல் இருந்த அளவுகோலை எடுத்துத் தூசி தட்டினார். பாண்டி வரைக்கும் எந்த வேகத்தடை எவ்வளவு உயரம், எதை ஓரமாகச் சுற்றிப் போகலாம் என்று அளக்கக் கிளம்பினார். ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். இடுப்புக்குத் தலையணை கட்டிக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்தார்.

அடுத்து நடந்தது செஞ்சிக்காரர்களுக்கு மட்டுமே நடக்கும். சர்வேயர் கரீம் கோலோடு ரோட்டில் குனிந்து நிற்கிறார், பக்கத்தில் தாலுகா ஆபீஸ் அம்மா வேறு நிற்கிறார். பைபாஸ் ரோட்டுக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. ஒரு ஊரில் நாங்கள் போய் இறங்கும்போதே கூட்டம் நின்றது. ஒரு அம்மா சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், நீயே எங்க வயித்துல அடிக்கலாமா? கெணத்த மட்டும் உட்டுடு சார்."

"யம்மா, நான் ரிட்டயர்டு. என் பொண்டாட்டிய பொண்ணு வூட்டுக்குக் கூட்டிம்போவணும். அதுக்கு அளக்குறேன்."

ஒருவரும் நம்பவில்லை. இளநீர் சீவிக்கொண்டு வந்தார்கள். "சர்வீஸ்ல இருக்கும்போதே குடிக்கல, இப்ப எதுக்கு?" என்று சார் தொடவில்லை. எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. நேர்மையானவரோடு வெயிலில் போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. அந்த அம்மா, பைபாஸ் எப்போது வரும் என்று போன மாதம்கூடக் கேட்டு அனுப்பினார்.

ஒருவழியாகக் கார் கிளம்பும் நாள் வந்தது. சேகர் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சார் சர்க்கரை வைத்து பாத்திஹா ஓதினார். இரண்டு பக்கத்து அனுமதியும் கிடைத்தபின் அக்கா வலது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சார் ஓட்டினார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். சிங்கவரம் பக்கம் திரும்பும் இடத்தில் கார் நின்றது. அக்கா கதவைத் திறந்து குனிந்திருந்தார். பெட்ரோல் வாடை. பழைய வண்டிக்கு அது உடம்போடு ஒட்டிய வாடை, கூரையை எடுத்தாலும் போகாது. அக்கா வாய் கொப்பளித்துவிட்டு, "இதுவும் பஸ்ஸுதாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவர் அழுதிருந்தால்கூட சார் தாங்கியிருப்பார். அதன்பின் பல நாள் கார் சாக்குக்கடியில் கிடந்தது. சார் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மறுபடி அதைத் தொட்டதே விற்றுவிடத்தான். சேகர் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், பேட்டரி செத்துவிட்டது. தள்ளுவதற்கு நானும் சாரும் சேகரும். ஸ்டியரிங்கைத் திருப்ப ஆள் வேண்டுமென்று அக்காவை இடது சீட்டில் உட்கார வைத்தோம். கியரில் போட்டுத்தான் சேகர் தள்ளச் சொன்னார். தெரு முனையில் இஞ்சின் திடீரென்று பிடித்துக்கொண்டது. எங்கள் கையை விட்டுக் கார் போய்விட்டது. சார் இடுப்பு வலியை மறந்து ஓடினார். "பிரேக்கு! நடு பெடலு! நடுவுல!" என்று கத்தினார். அக்கா கத்தவே இல்லை. ஒரு மாட்டைச் சுற்றி, ஒரு தண்ணீர்க் குடத்தைச் சுற்றி, பள்ளிவாசல் முன்னால் போய் நின்றார். நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சாரைப் பார்த்தார்.

"ஏங்க... எனக்கு ஒண்ணுமே பண்ணலியே."

சார் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுகிறவருக்கு வாந்தி வராது என்பது எங்கள் மூவருக்கும் அதுவரை தோன்றவே இல்லை.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய காலி நிலத்தில் அக்கா ஓட்டிப் பழகினார். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் லைசென்ஸ் வாங்கினார். பழகும்போது இருவரும் போட்ட சண்டையை அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஆனால் ரோட்டுக்கு வந்ததும் ஒரு சிக்கல். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாருக்கு மீண்டும் வேலை கிடைத்துவிட்டது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "இரு... இரு..." என்பார். ரோடு காலியானதும் "வா... வா..." என்பார். எதிரே வருகிறவர்கள் பயந்து போனதும் உண்டு. டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரியவர் ஸ்டியரிங் இல்லாமல் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு வந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? "நான் சொல்ற இரு-தான் ஜாஸ்தி மேடம். அவ அதுக்குக் கோவப்படுறா" என்று என்னிடம் குறைப்படுவார்.

முதல்முறை பாண்டி போய்ச் சேர்ந்ததும் சார் எனக்குப் போன் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டார். "சரோ, அடுப்பு கெழக்க பாத்து இருக்குது" என்றார் அக்கா. நான் சமையலறையில் தனியாக நின்று நன்றாக அழுதேன். அதன்பின் அவர்கள் மாதம் தவறாமல் போய்வந்தார்கள்.

சார் இறந்த அன்று வாசலை அடைத்துக்கொண்டு அந்தக் கார் நின்றது. உடலை எடுத்துப்போகும் சந்தூக்கு உள்ளே வர வழியில்லை. ஆண்கள் தள்ளிப் பார்த்தார்கள், ஹேண்ட் பிரேக் விடவில்லை. அதை ஒரு பக்கம் அழுத்தித் தூக்க வேண்டும், அந்த வித்தை அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். உள்ளேயிருந்து அக்கா வந்தார். "வேணாம்மா" என்று ஒரு பெரியவர் தடுத்தார். "நானே எடுக்குறேன். அவுருக்கு வழி வேணும்" என்று ஏறி உட்கார்ந்தார். கார் கிளம்பியது. பின்னால் எடுக்க வேண்டும். அக்கா பழக்கத்தில் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே சார் இல்லை. நான் போய் அந்த சீட்டில் உட்கார்ந்து, பின்னால் எட்டிப் பார்த்து, "வா... வா... இரு" என்றேன். அக்கா சரியாக நிறுத்தினார்.

இப்போது அவர் கணவரை இழந்த பெண்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறார், வெளியே வருவதில்லை. நேற்று நான் போனபோது, "இது முடிஞ்சதும் பாண்டிக்குப் போவணும் சரோ. நீ வலது பக்கம் வந்து உக்காரு" என்றார்.

"அவர் மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அவுரும் அதத்தான சொல்லிக்கினு வந்தாரு."

கரீம் சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வலது சீட்டைத்தான். இத்தா முடிந்ததும் அதில் உட்கார்ந்து, முன்னால் போகும் லாரியைத் தாண்டி எட்டிப் பார்த்து, ரோடு கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் "இரு" என்று சொல்லப்போகிறேன்.