நிறுத்தி வைக்கப்பட்ட காலை

கண்காரரின் தங்கச்சி கடல் கடந்து வேலைக்குக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. விமான நிலையத்துக்கு ஒன்பது மணிக்குப் பஸ். மூன்று வாரமாக அவளும் கண்காரரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசவில்லை. "போறதுன்னா போ, திரும்பி வந்து இந்த வாசலை மிதிக்காதே" என்று கோபத்தில் வார்த்தையை விட்டிருந்தார். அவள் பஸ் ஏறுமுன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் எட்டு மணிக்கே பட்டறையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டார்.

கண்காரர் என்பது தெரு வைத்த பெயர். கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்வது தொழில். மிச்சமிருக்கும் கண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, அதே நிறம் வரும்வரை பூசுவார். சிவப்புப் பட்டு நூலை இழை பிரித்து, வெள்ளையில் நரம்பாக ஒட்டுவார். அப்படி முடித்த பதினொரு கண்கள் அன்று ஒரு பெட்டியில் அவரோடு இருந்தன. பஸ் போனபின் ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டியவை.

பாலத்தில் பனி இறங்கியிருந்தது. முன்னால் போனவர்கள் பாதியிலேயே கரைந்துபோனார்கள். அதற்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவரை நிறுத்தியது. விடிகாலையில் பக்கத்துக் கடை ஒன்றில் திருட்டு. போலீஸ்காரர்கள் இருவர் எல்லார் பையையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டியில என்ன?"

"கண்ணு சார்."

இளைய போலீஸ்காரர் திறந்து பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினார். "யாரோட கண்ணுய்யா இது?"

"இன்னும் யாரோடதும் இல்ல. இனிமேதான் ஆகணும்."

"எங்க போற?"

பஸ் ஸ்டாண்டு என்று சொன்னால் எதற்கு என்பார்கள். வீட்டுச் சண்டையை நடுரோட்டில் அவிழ்க்க வேண்டும். "ஆஸ்பத்திரிக்கு" என்றார்.

"என்னை ஏன் முறைக்கிற?"

"முறைக்கல சார். உங்க இடது கண்ணுல தேன் நிறத்துல ஒரு பொட்டு. அதுக்கு எத்தனை பூச்சு வேணும்னு யோசிச்சேன்."

மூத்தவர் ஜீப்பைக் காட்டினார். "மீதியை அங்க வந்து யோசி."

ஸ்டேஷனில் பெயர், முகவரி எழுதி, போனை வாங்கி இழுப்பறையில் வைத்தார்கள். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஆள் மாறி ஆள் வந்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் குரல்கள் தூரத்திலிருந்து வந்தன. ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் இழுப்பறைக்குள் போன் அடித்தது. அவர் எழுந்தார்.

"உட்காரு. எங்க போய்ட்டிருந்த?"

"பஸ் ஸ்டாண்டுக்கு சார். தங்கச்சி ஊருக்குப் போறா. அஞ்சு நிமிஷம் விடுங்க."

"பாலத்துல ஆஸ்பத்திரின்னு சொன்ன?"

"ரெண்டும் உண்மைதான் சார்."

"முதல்லயே தங்கச்சின்னு சொல்லியிருந்தா அங்கயே விட்டிருப்போம். இப்ப பேச்சை மாத்துறியே."

போன் இன்னொரு முறை அடித்து ஓய்ந்தது. பஸ் நகர்வதை அவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்: பனிக்குள் பச்சைப் பெட்டி ஒன்று சத்தமில்லாமல் மிதந்து போனது. ஆஸ்பத்திரி டாக்டர் போனில் வந்து விளக்கிச் சொல்ல, பன்னிரண்டு மணிக்கு விட்டார்கள். இளையவர் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

அம்மா நடந்ததைத் தங்கச்சியிடம் சொன்னாள். "பஸ்ஸுக்கு வர மனசில்ல, அதுக்கு போலீஸ் கதையா" என்றாளாம். அதன்பின் அம்மாவோடு மட்டும்தான் பேச்சு. கண்காரர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

ஆறு வருடம் கழித்து ஒரு மத்தியானம், பூச்சு காய்ந்துகொண்டிருக்கையில் செய்தி வந்தது.

"அண்ணா, நேத்து ரயில்ல இருந்து இறக்கி இங்கத்துப் போலீஸ் என்னை விசாரிச்சாங்க. என்னை மாதிரி யாரோ ஒருத்தியைத் தேடுறாங்களாம். நாலு மணி நேரம். வீட்டுல யார் யாருன்னு கேட்டாங்க, சொன்னேன். அண்ணன்கிட்ட கடைசியா எப்ப பேசினேன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. பொய் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க. அன்னைக்கு நீ வரக் கிளம்பினேன்னு இப்ப நம்புறேன். ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன், எடு."